அக்கரைப் பாம்பூஃப்ளாட்: கைதிகள் உண்டாக்கிய ஊர்

ஊரிலிருந்து உறவுக்காரர்கள் வந்தால் நம்மவர்கள் அவர்களை அழைத்துப் போகும் இடங்களுக்கு ஒரு வரிசை உண்டு. முதல் நாள் செல்லுலார் ஜெயில், மறுநாள் ராஸ் தீவு, அதற்கு அடுத்த நாள் வண்டூர் கடற்கரை. நாலாவது நாள் மிச்சம் இருந்தால் மவுண்ட் ஹேரியட். இந்த நாலாவது நாளில்தான் பாம்பூஃப்ளாட் வருகிறது. அதுவும் வழியில் ஓர் ஊராக. சத்தாம் ஜெட்டியில் ஃபெரி ஏறி, அக்கரையில் இறங்கி, ஜீப் நேரே மலைக்குப் போய்விடும். பழைய சிவப்பு 20 ரூபாய் நோட்டின் பின்பக்கம் இருந்த காட்சி இந்த மலைப்பாதையில் பார்த்ததுதான் என்று டிரைவர் சொல்வார், எல்லோரும் போட்டோ எடுத்துக்கொள்வார்கள், திரும்புவார்கள். பாம்பூஃப்ளாட் பஜாரில் ஒரு டீ குடித்தால் அதிகம்.

அந்த டீக்கடையில் இன்னும் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும் என்று சொல்வதற்காகவே இந்தக் கட்டுரை. நான் வியாபாரத்தில் இருந்த காலமெல்லாம் அக்கரைக் கடைகளுக்குப் பாத்திரம் போட்டு, வாரம் ஒரு நாள் வசூலுக்குப் போய் வந்தவன். ஆகவே இந்த ஊரைப் புத்தகத்தில் படிப்பதற்கு முன் காலால் தெரியும்.

முதலில் பெயர். தமிழ்க் காதுக்கு இது பாம்பு ஃப்ளாட். புதிதாக வருகிறவர்கள் "அங்கே பாம்பு ஜாஸ்தியா?" என்று தவறாமல் கேட்பார்கள். பாம்புக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. மூங்கில் சமவெளி என்பதே பொருள். மலை இறங்கி வந்து கடலைத் தொடும் முன் கொஞ்சம் தட்டையாகக் கிடக்கும் நிலம். மூங்கில் போய்விட்டது, பெயர் நிற்கிறது.

இரண்டாவது, தண்ணீர். சத்தாமுக்கும் பாம்பூஃப்ளாட்டுக்கும் நடுவே இருப்பது கடல்தான். ஆனால் துறைமுகத்தின் வாயிலில் ராஸ் தீவு நின்று அலையைத் தடுத்துவிடுவதால், உள்ளே வர வரக் கடல் ஒரு பெரிய ஆறு மாதிரி வளைந்து அமைதியாகக் கிடக்கிறது. ஃபெரியில் கால் மணி நேரம்கூட ஆகாது. தரைவழியாகப் போக வேண்டுமானால் ஃபெரார்கஞ்ச், விம்பர்லிகஞ்ச் என்று சுற்றிக்கொண்டு நாற்பது கிலோமீட்டருக்குக் குறையாது. எதிரே தெரிகிற ஊருக்குப் போக இவ்வளவு தூரமா என்று கோபம் வரும். இந்தத் தூரம்தான் அன்றைக்கு வெள்ளைக்காரனுக்குத் தேவைப்பட்டது. தப்பிக்க முடியாத தண்ணீரும், கண்ணுக்கு எட்டுகிற கரையும் சேர்ந்து கிடைத்தால் மதில் கட்டும் செலவு மிச்சம்.

நிற்க. சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1788 ஜனவரியில் முதல் கைதிக் கப்பல்கள் ஆஸ்திரேலியாவில் சிட்னி துறைமுகத்தை அடைந்தன. அதே ஆண்டின் கடைசியில் ஆர்ச்சிபால்ட் பிளேர் என்னும் கடற்படை லெப்டினன்ட் அந்தமானை அளக்கப் புறப்பட்டார். 1789-ல் சத்தாம் தீவில் முதல் குடியிருப்பு அமைந்தது. பிறகு அதை வடக்கே மாற்றி, நோய் தாங்காமல் 1796-ல் கைவிட்டார்கள். அறுபது ஆண்டுகள் அந்தமான் அப்படியே கிடந்தது. 1857 கிளர்ச்சிக்குப் பிறகு, 1858 மார்ச் 10-ஆம் தேதி டாக்டர் வாக்கர் 200 கைதிகளோடு வந்து இறங்கினார். அன்றிலிருந்து 1942-ல் ஜப்பானியர் வரும்வரை இது கைதிகளின் நாடு. 1901 கணக்கெடுப்பின்போது ஏறத்தாழ பன்னிரண்டாயிரம் கைதிகள் இங்கே இருந்தார்கள்.

செல்லுலார் ஜெயில் கட்டத் தொடங்கியது 1896-ல், முடித்தது 1906-ல். இதை நம்மவர்கள் பலர் கவனிப்பதில்லை. அப்படியானால் அதற்கு முன்னால் இருந்த நாற்பது வருஷம் கைதிகள் எங்கே இருந்தார்கள்? ராஸ், வைப்பர் போன்ற தீவுகளிலும், துறைமுகத்தைச் சுற்றிய கரைகளில் காடு வெட்டிய முகாம்களிலும் இருந்தார்கள். பாம்பூஃப்ளாட், அதன் மேற்கே செங்கல் சூளைகள் இருந்த டண்டாஸ் பாயிண்ட், கிழக்கே பானிகாட், ஹோப்டவுன் எல்லாம் அப்படி உண்டானவை. சுற்றுலாக்காரர்கள் பார்ப்பது தண்டனையின் கட்டடத்தை. தண்டனை எப்படி ஓர் ஊராக மாறியது என்பதைப் பார்க்க அக்கரைக்குத்தான் போக வேண்டும்.

அது எப்படி நடந்தது? கைதி வந்தவுடன் அவன் பெயர் போய்விடும். கழுத்தில் இரும்பு வளையம், அதில் ஒரு மரப்பலகை. பலகையில் எண், குற்றத்தின் சட்டப் பிரிவு, தண்டனை விதித்த தேதி, விடுதலைத் தேதி. ஒருவனுடைய முழு ஜாதகமும் நாலு அங்குலக் கட்டையில். (இதற்கு முன்பு நெற்றியில் பச்சை குத்தும் வழக்கமே இருந்தது, அதை 1849-ல் நிறுத்தினார்கள்.) முதல் ஆண்டுகள் கடும் உழைப்பு. நடத்தை நன்றாக இருந்தால் படிப்படியாக வகுப்பு உயரும். சுமார் பத்து ஆண்டு கழித்து 'டிக்கெட் ஆஃப் லீவ்' என்ற சீட்டு கிடைக்கும். அதைப் பெற்றவனுக்கு 'செல்ஃப் சப்போர்ட்டர்' என்று பெயர், அதாவது தன் சோற்றைத் தானே சம்பாதிப்பவன். அரிசி அளப்பு நின்றுவிடும். பதிலாகக் கொஞ்சம் நிலம், அல்லது தெரிந்த தொழிலைச் செய்ய அனுமதி. ஊரிலிருந்து மனைவியை வரவழைக்கலாம். இல்லாவிட்டால் பெண் கைதிகளில் ஒருத்தியை மணக்கலாம். பெண்கள் சிறையில் வரிசையாக நிறுத்திப் பார்த்து, அந்தப் பெண்ணையும் சம்மதம் கேட்டு முடித்த கல்யாணங்களைப் பற்றி அக்கரைப் பழைய குடும்பங்களில் இன்னும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். மதம் பார்த்தார்கள், ஜாதியையும் மாகாணத்தையும் அவ்வளவாகப் பார்க்க முடியவில்லை. பஞ்சாபிக்குத் தெலுங்குப் பெண், வங்காளிக்கு மதராஸ் பெண். குழந்தைகள் பேசியது எல்லோருக்கும் பொதுவான இந்துஸ்தானி. 'லோக்கல்' அல்லது 'ப்ரீ-42' என்று நாம் இன்று சொல்லும் ஜனங்கள் இவர்கள்தான். ஜாதியை ஒழிக்க வேண்டும் என்று மேடை போட்டுப் பேசாமலே அது இங்கே பாதி கரைந்தது.

'டிக்கெட் ஆஃப் லீவ்' என்ற சொல்லை ஆவணங்களில் படித்திருந்தேன். அது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சொல் என்று கண்ணால் கண்டது 2016-ல்தான். மெல்பர்னில் இருக்கும் மகள் டாஸ்மேனியாவுக்குக் கூட்டிப் போனாள். ஹோபார்ட்டிலிருந்து அரை மணி நேரக் கார்ப் பயணத்தில் ரிச்மண்ட் என்று ஒரு சின்ன ஊர். கோல் ரிவர் என்ற சிறு ஆறு, அதன்மேல் கல் பாலம். 1823-ல் தொடங்கி 1825-ல் கைதிகள் கட்டி முடித்தது. ஆஸ்திரேலியாவில் இன்னும் உபயோகத்தில் இருக்கும் கல் பாலங்களில் மிகப் பழையது. கீழே புல்தரை, வாத்துகள், ரொட்டி போடும் குழந்தைகள். பக்கத்தில் 1825-ல் கட்டிய சிறைச்சாலை. இது பிரசித்தி பெற்ற போர்ட் ஆர்தர் சிறைக்கும் ஐந்து வயது மூத்தது. நம் வைப்பர் தீவுச் சிறையைவிட நாற்பது வயது பெரியது. பேக்கரியும் பழம்பொருள் கடையுமாக ஒரே தெரு. அந்த ஊர் மொத்தமும் நம் பாம்பூஃப்ளாட் பஜாரைவிடப் பெரிது என்று சொல்ல முடியாது.

என்னை நிறுத்திவைத்தது பாலம் அல்ல. சிறையைப் பார்க்க வந்திருந்த ஒரு வயதான அம்மாள், எங்களைப் பார்த்துத் தானாகவே, தன் பாட்டனாருக்குப் பாட்டனார் ஆடு திருடி இங்கே வந்தவர் என்றார். அந்தக் குரலில் கூச்சம் இல்லை. நம் ஊரில் ஒருவர் தன் தாத்தா தாசில்தார் என்று சொல்வது போலச் சொன்னார். கப்பலின் பெயர், வந்த வருஷம், எத்தனை கசையடி என்பது வரை அவருக்குத் தெரிந்திருந்தது. ஆவணக் காப்பகத்தில் பெயரைக் கொடுத்தால் போதுமாம், நடத்தைக் குறிப்பு முழுவதும் வந்துவிடுமாம். வீட்டுக்கு வந்ததும் மகள் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினாள், உண்மைதான். கைதியின் உயரம், கண் நிறம், கையில் உள்ள தழும்பு உட்பட எழுதிவைத்திருக்கிறான்.

இது ஆதி முதல் இப்படி இருந்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1788 முதல் 1868 வரை ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் ஆஸ்திரேலியாவுக்குப் போனார்கள். அவர்கள் பேரப்பிள்ளைகள் அதை மூடி மறைத்தார்கள். கைதிக் கறை என்றே அதற்குப் பெயர். டாஸ்மேனியாவின் பழைய பெயர் வான் டீமன்ஸ் லாந்து. அந்தப் பெயரைக் கேட்டாலே கைதி ஞாபகம் வருகிறது என்று 1856-ல் பெயரையே மாற்றினார்கள். கறை பெருமையாக மாற நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. கைதிகளின் ஆவணங்களை 2007-ல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தார்கள். 2010-ல் பதினொரு கைதி இடங்கள் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறின. நம் செல்லுலார் ஜெயில் 2014-ல் உத்தேசப் பட்டியலில் சேர்ந்தது.

பெயர் மாற்றத்தில் நாமும் குறைந்தவர்கள் அல்ல. ராஸ் தீவு 2018-ல் நேதாஜி பெயர் பெற்றது. மவுண்ட் ஹேரியட் 2021-ல் மவுண்ட் மணிப்பூர் ஆயிற்று. போர்ட் பிளேர் 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று. இவற்றில் மணிப்பூர் விஷயம் எனக்குச் சம்மதமே. 1891 போரில் தோற்ற மணிப்பூர் அரசர் குலசந்திராவும் அவரைச் சேர்ந்தவர்களும் இந்த மலைப் பக்கம் வைக்கப்பட்டிருந்தார்கள். ஒரு சூப்பரின்டெண்டென்ட் மனைவியின் பெயரைவிட அது பொருத்தம்தான். ஆனால் பலகை மாறினால் பழைய தாள்களைத் தேடுகிறவனுக்கு வேலை இரட்டிப்பாகிறது. இரண்டு பெயரையும் ஞாபகம் வைக்க வேண்டும்.

ரிச்மண்டையும் பாம்பூஃப்ளாட்டையும் ஒன்றாக வைத்துப் பேசும்போது இன்னொன்றை விடக்கூடாது. இரண்டும் காலி நிலத்தில் எழும்பிய ஊர்கள் அல்ல. டாஸ்மேனியாவின் ஆதிகுடிகளுக்கு நேர்ந்தது உலகறிந்த கொடுமை. இங்கே தென் அந்தமான் கரை முழுவதும் அக்கா-பியா என்ற கூட்டத்தாரின் நிலம். 1859 மே மாதம் அபர்தீனில் வில் அம்போடு வந்து போராடித் தோற்றார்கள். பிறகு வியாதிகள், 1877-ல் தட்டம்மை. 1961 கணக்கெடுப்பில் கிரேட் அந்தமானியர் என்று எஞ்சியவர்கள் எல்லாக் கூட்டமும் சேர்த்து 19 பேர். இன்று ஸ்ட்ரெய்ட் தீவில் இருக்கும் சிறு தொகையில் அக்கா-பியா மொழி பேசுகிறவர் யாரும் இல்லை. கைதியும் துன்பப்பட்டான், அவன் வெட்டிய காட்டின் சொந்தக்காரனும் துன்பப்பட்டான். முன்னவனை நினைக்கும்போது பின்னவனை மறப்பது நியாயம் ஆகாது.

பாம்பூஃப்ளாட் ஜெட்டியில் இறங்கி வலப்பக்கம் கரையோரமாகவே போனால் பானிகாட் தாண்டி ஹோப்டவுன். 1872 பிப்ரவரி 8-ஆம் தேதி வைஸ்ராய் மேயோ பிரபு மலைமேல் சூரிய அஸ்தமனம் பார்த்துவிட்டு, இருட்டில் தீவட்டி வெளிச்சத்தில் இந்த ஜெட்டிக்கு இறங்கி வந்தபோது ஷேர் அலி என்ற பட்டாணியர் கத்தியால் குத்தினார். பதவியில் இருக்கும்போதே கொல்லப்பட்ட ஒரே வைஸ்ராய் இவர்தான். ஷேர் அலி வெள்ளைக்காரனிடமே பெஷாவரில் உத்தியோகம் பார்த்தவர். குடும்பப் பகையில் கொலை செய்து தூக்கிலிருந்து தப்பித் தீவாந்தரம் வந்தவர். நன்னடத்தை காரணமாக இங்கே நாவிதர் வேலை செய்ய அனுமதி பெற்றவர். அடுத்த மாதமே வைப்பர் தீவில் தூக்கிலிட்டார்கள். சிலர் இவரைத் தியாகி என்கிறார்கள், சிலர் கொலைகாரர் என்கிறார்கள். கொல்லாமையை முதல் விரதமாகக் கொண்ட சமணன் நான். கத்தியையும் தூக்குக் கயிற்றையும் ஒரே தராசில்தான் வைப்பேன். ஆனால் இத்தனை பெரிய சம்பவம் நடந்த கரைக்குப் போகிற நம்மவர் நூற்றில் ஒருவர்கூட இல்லை என்பது ஆச்சரியம்.

பஜாருக்குத் திரும்புவோம். டீக்கடையில் காதில் விழுவதில் பாதி மலையாளம் கலந்த பேச்சு. 1921 மலபார் கலகத்தில் தண்டனை பெற்ற மாப்பிள்ளைமாரை அடுத்த ஆண்டு முதல் இங்கே அனுப்பினார்கள்; குடும்பங்களையும் வரவழைத்துக் குடியேற்றினார்கள். அவர்கள் ஊர்ப் பெயரையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். காலிகட், திரூர், மஞ்சேரி, மலப்புரம், வண்டூர், மண்ணார்காடு எல்லாம் தென் அந்தமானில் உண்டு. பெயரைப் பிடுங்கிக்கொண்டவனிடம் பெயரை மீட்ட ஜனங்கள் என்று எனக்குத் தோன்றும்.

தமிழர்கள்? 2011 கணக்கெடுப்பின்படி இந்தத் தீவுகளில் நூற்றுக்குப் பதினைந்து பேர் தமிழ் பேசுகிறவர்கள். பெரும்பாலோர் சுதந்திரத்துக்குப் பின் கூலி வேலைக்கும் சர்க்கார் வேலைக்கும் வியாபாரத்துக்கும் வந்தவர்கள். இலங்கையிலிருந்து திரும்பியவர்களில் சிலரைக் கச்சால் தீவு ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தினார்கள். ஆகவே கைதி சரித்திரம் நமக்குச் சம்பந்தம் இல்லாதது என்று சங்கத்தில் பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. நாடு கடத்துவதற்குத் தமிழில் 'தீவாந்தரம்' என்றொரு சொல் நிலைத்ததே பழைய அனுபவத்தால்தான். 1802-ல் சிவகங்கை வேங்கன் பெரிய உடையத் தேவரையும், சின்ன மருதுவின் மகன் துரைசாமியையும், மற்றப் போராளிகளையும் சேர்த்து 73 பேரைப் பினாங்குத் தீவுக்குக் கப்பலேற்றினார்கள். சிங்கப்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டிய கைகள் இந்தியக் கைதிகளின் கைகள். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் பழகிய அந்த விதிமுறையைத்தான் 1858-க்குப் பிறகு இங்கே கொண்டுவந்தார்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்து 'மகாராஜா' என்ற நீராவிக் கப்பல் கைதிகளை ஏற்றி வந்தது. வ.உ.சி. இங்கே இருந்தார் என்று மேடையில் சிலர் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். 1908-ல் அவருக்குத் தீவாந்தர சிட்சை விதித்தது உண்மை. ஆனால் அவர் அந்தமானுக்கு வரவில்லை, கோயம்புத்தூர், கண்ணூர் சிறைகளில் இருந்தார். வந்தவர்கள் வேறு. மதுரைப் பக்கமும் வடாற்காட்டுப் பக்கமும் வரப்புச் சண்டையில் வெட்டியவன், கன்றுகாலிக் கொள்ளையில் சிக்கியவன், இப்படிப் பெயரில்லாத ஜனங்கள்.

செல்லுலார் ஜெயிலில் அரசியல் கைதிகளின் பெயர்களைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். 1979-ல் அது தேசிய நினைவுச் சின்னமும் ஆயிற்று. வெகு நியாயம். ஆனால் அக்கரையில் காடு வெட்டி, சதுப்பை வயலாக்கி, ஊரை உண்டாக்கியவனுக்கு ஒரு கல்லும் இல்லை. அவன் கொலைக் குற்றவாளிதானே என்பார்கள். ஆடு திருடியவன் வேறு, ஆளை வெட்டியவன் வேறு என்பதும் உண்மை. எங்கள் சமயத்தில் ஒரு தெளிவு உண்டு: வினை செய்தவனோடு போவது, அவன் அனுபவித்துக் கழிப்பது, மகனுக்குச் சொத்து மாதிரி பாகம் வராது. இருபது, இருபத்தைந்து வருஷம் அனுபவித்துக் கழித்தவனுக்கே பாக்கி இல்லை என்னும்போது கொள்ளுப்பேரன் எதற்குத் தலை குனிய வேண்டும்? செஞ்சிக்குப் பக்கத்தில் திருநாதர்குன்று என்று ஒரு பாறை இருக்கிறது. 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் விட்ட சந்திரநந்தி ஆசிரியரின் பெயரை அதில் வெட்டியிருக்கிறார்கள். ஆயிரத்து நானூறு வருஷத்துக்குக் குறையாது. இன்றைக்கும் விரல் வைத்துப் படிக்கலாம். சின்ன வயதிலிருந்து அதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு, எழுதாத பெயர் உறுத்தும்.

எனக்கு உறுத்திய பெயர் ஒன்று. விம்பர்லிகஞ்ச் போகும் ரோட்டில் ஒரு பெரியவர், என் பழைய வாடிக்கை. வீட்டில் இந்துஸ்தானி. 2004 டிசம்பர் 26 பூகம்பத்தில் தென் அந்தமான் தரையே ஒரு மீட்டர் அளவுக்குத் தாழ்ந்ததே, அப்போது அவருடைய வயல் உப்புத் தண்ணீருக்கு அடியில் போயிற்று. முப்பாட்டனார் செல்ஃப் சப்போர்ட்டராக வாங்கிய வயல். முப்பாட்டனார் எந்த ஊர் என்று கேட்டேன். "மதராஸ்" என்றார். பெயர்? வீட்டில் எல்லோரும் 'மதராஸி பாபா' என்றே சொல்லிப் பழக்கமாம். ஆனால் எண் தெரியும் என்று ஐந்து இலக்கத்தைத் தடங்கல் இல்லாமல் சொன்னார். தகப்பனார் மனப்பாடம் பண்ணி வைத்ததாம்.

ரிச்மண்ட் அம்மாளுக்குக் கிடைத்தது இவருக்குக் கிடைக்குமா? வழி இல்லாமல் இல்லை. டில்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்துறையின் போர்ட் பிளேர் நடவடிக்கைகள் இருக்கின்றன. லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் ஒரு பகுதி. சென்னை எழும்பூரில் மாகாண நீதித்துறைப் பதிவுகள். ஆனால் இவை ஆஸ்திரேலியா போலப் பெயர் போட்டால் வந்து நிற்கும்படி அட்டவணை ஆனவை அல்ல, வருஷவாரியாகக் கட்டுகள். எந்த வருஷம் கப்பல் ஏறினார் என்று தெரிந்தால்தான் எந்தக் கட்டை அவிழ்ப்பது என்று யோசிக்கலாம். பெரியவரின் அத்தை ஒருவர் தொண்ணூறு தாண்டி ஹோப்டவுனில் இருக்கிறாராம், அவருக்குத் தெரிந்திருக்கலாம் என்றார். மழை விட்டதும் ஒரு காலை முதல் ஃபெரியில் போகலாம் என்று பேசி வைத்திருக்கிறோம்.